வராத கடைக்கு எதிராக ஒரு மனு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபது. ஸ்கூட்டரை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கஞ்சா இலை. கறுப்பு டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதியில், ஏழு விரல்களை விரித்தபடி, பளிச்சென்ற பச்சையில் அச்சாகியிருந்தது. டி-ஷர்ட்டுக்குள் எழுபதை ஒட்டிய ஒரு பெரியவர். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னோடு வந்திருந்த என் அக்கா மகள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவரிடமே கேட்டாள்.

“தாத்தா, உங்க சட்டையில இருக்கறது என்ன இலை?”

“மரவள்ளி,” என்றார் யோசிக்காமல். “மாபல்லிபுரத்துல வெள்ளக்காரனுக்கு துணி விக்கிற கடையில எம் மருமவன் கீறான். தையல் கோணலாப் போன பீசு, வூட்டுக்கு எடுத்துகினு வந்தான். ஏன், நல்லால்லியா?”

“நல்லா இருக்கு தாத்தா.”

“அப்ப சரி,” என்று குடத்தை மாற்றினார்.

அந்தத் தெரு கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். ஒரு தலைமுறைக்கு முன்னால்வரை அங்கிருந்த எல்லாருக்கும் வேலை அடுத்தவர் வயலில். இப்போது ஆண்கள் டிரைவர், எலெக்ட்ரீஷியன், செக்யூரிட்டி. ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். பெண்களில் பாதிப் பேர் கடற்கரை ரிசார்ட்டுகளில் அறைகளைச் சுத்தம் செய்கிறார்கள். தெருவின் ஒரு முனையில் அம்மன் கோயில், மறுமுனையில் சர்ச். ஒலிபெருக்கி ஒன்றுதான், ஆடியில் அங்கே, டிசம்பரில் இங்கே.

அக்கா மகள் முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு. நான் ஒரு நாளிதழுக்குச் செங்கல்பட்டு நிருபராக இருந்து ஓய்வு பெற்றவள். படூரில் என் வீட்டில் தங்கி அவள் படித்தாள். ஞாயிறுகளில் ஸ்கூட்டர் ஓட்டுவது என் பங்கு.

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்பது பற்றி இந்தக் கடற்கரைப் பகுதி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. தலைப்பை அவள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இளங்கலையில் அவளோடு படித்த இரண்டு பையன்கள் ஒரே மாலையில், ஒரே காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால், ஒரே கஞ்சா சிகரெட்டோடு பிடிபட்டார்கள். ஒருவனுடைய அப்பா அடுக்ககத்திலிருந்து காரில் வந்து, பேசி, அவனை அழைத்துப் போனார். இன்னொருவனுடைய அப்பா மதுராந்தகத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துசேர்வதற்குள் வழக்கு எழுதப்பட்டிருந்தது. முதல் பையன் இப்போது வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கிறான். இரண்டாமவன் படிப்பை விட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகிறான். சட்டம் கஞ்சாவைப் பற்றியதா, அப்பா எதில் வந்தார் என்பதைப் பற்றியதா என்று அவள் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். அதுவே பிறகு ஆய்வாயிற்று.

துறைத் தலைவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டபோது நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். “ஒரே இடம். முப்பது பேர். ஒரு புகாரும் வரக் கூடாது. யாராவது ஒருத்தர் எங்கேயாவது காலேஜ் பேரைச் சொல்லிப் புகார் கொடுத்தா, அன்னிக்கே தலைப்பை மாத்திடுவேன். ‘மகளிர் குழுக்களின் சேமிப்புப் பழக்கம்’னு ஒரு தலைப்பு காலியாத்தான் இருக்கு.” தலைப்பு மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு பட்டம் கிடையாது.

தெருவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தாள். கோவளத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவர், “இங்க ஏதும்மா அதெல்லாம்? டூரிஸ்டு வர்ற எடத்துல போய்க் கேளு, மாபல்லிபுரத்துல,” என்றார். மாமல்லபுரத்தில் சிற்பக் கடைக்காரர், “அது செங்கல்பட்டுல டிரெயின்ல எறங்குது, ஜங்ஷன்ல கேளு,” என்றார். செங்கல்பட்டு ரயில் நிலையத்து டீக்கடையில், “படூர், கேளம்பாக்கம் பக்கம் காலேஜு பசங்க கீறாங்க பாரு, அவனுங்களக் கேளு,” என்றார்கள். படூரில் என் அடுக்ககத்திலேயே, லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று சங்கச் செயலாளரைக் கேட்டாள். “இங்கே எல்லாம் ஃபேமிலிஸ்மா. கோவளம் பீச் பக்கம் விசாரிச்சுப் பாரு,” என்றார் அவர். சுற்று முடிந்தது. அன்று மாலை எங்கள் மாடிப்படிகளில் என்ன வாசனை வந்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் மூக்கு இருந்தது.

கஞ்சா எப்போதும் அடுத்த ஊரில்தான் இருந்தது. அங்கே போனால் அதற்கு அடுத்த ஊருக்குப் போயிருந்தது. “சட்டப்பூர்வமாக்கலாமா” என்ற கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் கஞ்சாவுக்கு வேண்டியவர் என்று ஆகிவிடும். எனவே அவள் கேள்வியை மாற்றி எழுதினாள். மதுவை அரசு கடை வைத்து விற்பதுபோல இதையும் விற்றால் சரி என்பீர்களா? அப்படி ஒரு கடை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது? நல்ல கேள்விகள் என்று எனக்கும் தோன்றியது. செய்தித்தாளில் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தெருவில் அந்தக் கேள்விகள் உடனே வேலை செய்தன. முதல் வீட்டிலேயே நாற்காலி போட்டார்கள். இரண்டாவது வீட்டில், “நாஸ்தா துன்னியா கண்ணு?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டில் இட்லி வைத்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் நான்கு ஆண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கேள்வியைக் கேட்டதும் ஆட்டம் நின்றது.

“கவர்மென்ட்டே விக்குமா?” என்றார் ஒருவர்.

“வித்தா உங்க கருத்து என்னன்னு கேக்கறேண்ணா.”

“கருத்து கெடக்கட்டும். பக்கத்துல பாரு உண்டா?”

“டேய், அதுக்கு இன்னாத்துக்குடா பாரு?” என்றார் எதிரில் இருந்தவர். “ஒயின்ஷாப்புன்னா சிக்கன் வேணும். இந்தப் பொகைய இஸ்தா ஸ்வீட்டுதான் கேக்கும். பக்கத்துல ஜிலேபி கட போட்டா போதும்.”

“மச்சான், உனக்கு எப்பிட்றா தெரியும்?”

“கேள்விப்பட்டுகிறேன்.”

“எங்க கேள்விப்பட்ட?”

“கோவளத்துல,” என்றார் அவர். மூன்று பேர் சிரித்தார்கள்.

நான்காவது ஆள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அக்கா மகளின் தாளை எட்டிப் பார்த்தார். “சேல்ஸ்மேன் எடுப்பாங்களாமா? எம் புள்ள எம்.காம் முடிச்சிட்டு வூட்ல குந்திகினு கீறான். பேரு எழுதிக்கோ.”

“இது வேலைக்கு இல்லண்ணா. ஆராய்ச்சி.”

“சொம்மா எழுதிக்கோம்மா. வந்தா வருது.”

மதியத்துக்குள் பதினைந்து பேரின் பதில்கள் கிடைத்துவிட்டன. இவ்வளவு நாள் யாருமே வாய் திறக்காத விஷயத்தில் இவர்கள் இவ்வளவு பேசினார்களே என்று அவள் பின்சீட்டில் பாடிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு சின்ன உறுத்தல். யாரும் ‘ஏன் கேட்கிறாய்’ என்று கேட்கவில்லை. நிருபராக இருந்தபோது அப்படி ஒரு தெருவை நான் பார்த்ததில்லை.

காரணம் வியாழக்கிழமை போனில் வந்தது. அழைத்தவர் அந்தத் தெருவின் மகளிர் குழுத் தலைவி. ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிறன்று அவர் ஷிஃப்டில் இருந்ததால் நாங்கள் சந்திக்கவில்லை. போனை அக்கா மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“நீதானே பாப்பா கஞ்சாக் கடைக்கு எடம் பாக்க வந்தது?”

“இல்லக்கா, நான் வந்து—”

“உம் மேல ஒண்ணும் கோவம் இல்ல. நீ வேலைக்கு வந்த பொண்ணு. ஆனா திங்கக்கெயம நாங்க செங்கல்பட்டுல கலெக்டர் ஆபீசுக்குப் போறோம். மனு குடுக்கறோம். உங்கிட்ட சொல்லிட்டுப் போறது மரியாதன்னு போன் பண்ணேன். கடைக்கு சர்வே நம்பர் இன்னா?”

அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மனுவில் கல்லூரியின் பெயர் வந்தால், அது துறைத் தலைவர் சொன்ன அந்த ஒரு புகார். சனிக்கிழமை மாலை மறுபடி தெருவுக்குப் போனோம். தலைவியின் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அக்கா மகள் எல்லாவற்றையும் சொன்னாள்: இது படிப்புக்காக. கடை எதுவும் வரவில்லை. கஞ்சா விற்பது இன்றைக்கும் குற்றம். வந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டது மட்டும்தான். புகார் ஒன்று போனால் அவளுக்கு இந்த ஆண்டு பட்டம் இல்லை.

தலைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். டீ கொடுத்தார். பிறகு சொன்னார்.

“தபாரு கண்ணு. பஸ் ஸ்டாப்பாண்ட ஒயின்ஷாப்பு கீதே, அது வர்றதுக்கு முன்ன ஒருத்தரு வந்தாரு. உன்ன மாதிரியே அட்ட, பேனா. எத்தினி வூடு, எத்தினி ஆம்பள, பஸ் ஸ்டாப்பு எவ்ளோ தூரம்னு கேட்டாரு. இன்னா கட்றீங்கன்னு கேட்டோம். குடோனுன்னாரு. ஒண்ணும் இல்ல, சொம்மாதான்னாரு. அப்புறம் பாத்தா போர்டு மாட்டிட்டாங்க.”

“ஆனா இது நெஜமாவே ஒண்ணும் இல்லக்கா.”

“அவரும் அதயேதான் சொன்னாரு.”

அறை முழுக்கச் சிரிப்பு. அக்கா மகளும் சிரித்துவிட்டாள். இல்லை என்று சொல்லச் சொல்ல கடை இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது. அவர்களுடைய அனுபவத்தில், கேள்வி கேட்க ஆள் வருவது முடிவு எடுத்த பிறகுதான். கேட்டுவிட்டு முடிவெடுத்த ஒருவரையும் அவர்கள் சந்தித்ததில்லை. நானும் அதிகம் பேரைச் சந்தித்ததில்லை என்பதால் வாதாட முடியவில்லை.

“உம் பட்டம் போவக் கூடாது, அது எங்களுக்கும் தெரியும்,” என்றார் தலைவி. “ஒண்ணு பண்ணு. நீயும் கூட வா. கட வர்லன்னு ஆபீசரு வாயால சொல்லட்டும். அவரு சொன்னா நம்பறோம்.”

“ஆபீசரு சொன்னா மட்டும் நம்பிடுவியா?” என்றார் ஒரு பெண்.

“நம்ப மாட்டேன். ஆனா அவரு சொன்னாருன்னு நாளைக்குச் சொல்லலாம் இல்ல?”

திங்கட்கிழமை காலை ரிசார்ட் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றை அவர்கள் பேசியிருந்தார்கள். இருபது பெண்களும் நாங்கள் இருவரும். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. வேனில் புளிசாதம், சிப்ஸ், இரண்டு குழந்தைகள். டிரைவர் பழைய குத்துப்பாட்டுகளைப் போட்டார். சர்ச்சுக்குப் போகும் பெண் ஒருவர், “எதிர்ப்புக்குப் போறோம், துக்கத்துக்குப் போவல, சவுண்டு வை,” என்றார். அக்கா மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகள் அந்த வளாகத்தில் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். வாசலில் பெண் போலீஸ் ஒருவர் பைகளைச் சோதித்துத் தண்ணீர் பாட்டில்களைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் இருக்கக் கூடாது என்பதற்காக. அன்றும் முகர்ந்தார்.

“மோரும்மா,” என்றார் தலைவி. “ஒரு வாய் குடிச்சுப் பாரு, வெயிலு.”

போலீஸ்காரப் பெண் சிரித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். தலைவி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. ஒரு நாளைக்கு நூறு மனு எழுதும் கை அது. “அரசுக் கடையா, தனியாரா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். பள்ளி மாணவ மாணவியர் நடந்து செல்லும் பாதை, பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம், மாலை ஆறு மணிக்கு மேல் அச்சமின்றிச் செல்ல இயலாத நிலை என்று எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தன. ‘மேற்படி இடத்தில் கஞ்சாக் கடை அமைவதைத் தடை செய்து’ என்று முடித்தார். கல்லூரியின் பெயரை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அக்கா மகள் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே வரிசை நகர்ந்து எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“என்ன கடை?”

“கஞ்சாக் கடை சார்.”

“அம்மா, கஞ்சா வெச்சிருந்தாலே ஜெயில். நாங்க எப்படிம்மா கடை வைப்போம்?”

“ஒயின்ஷாப்பு வந்தப்பவும் குடோனுன்னுதான் சார் சொன்னாங்க.”

“யாரு சொன்னது, கடை வருதுன்னு?”

இருபது தலைகளும் திரும்பின. யாரும் கை காட்டவில்லை. ஆனால் இருபது பேர் ஒரே பக்கம் திரும்பினால் கை தேவையில்லை. அக்கா மகள் முன்னால் வந்தாள்.

“நான்தான் சார் கேள்வி கேட்டேன். எம்.ஏ. சோஷியாலஜி. ஒருவேளை சட்டம் மாறினா மக்கள் என்ன நினைப்பாங்கன்னு ஆய்வு. கடை எதுவும் இல்ல.”

அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. இப்படி ஒரு மனுவை எந்தத் துறைக்கு அனுப்புவது என்பதே அவருடைய கவலையாக இருந்திருக்க வேண்டும். “ஐடி கார்டு குடும்மா,” என்றார். பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம் அட்டையை நீட்டினார். “காலேஜ் பேரை மனுவுலயே ஓரமா குறிச்சுக்கங்க. அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டு விளக்கம் கேட்டுடலாம்.”

கிளார்க் பேனா மூடியைக் கழற்றினார்.

தலைவி அக்கா மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, கடவுள் சத்தியமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேசைமீது குனிந்து மனுவை இழுத்து எடுத்துக்கொண்டார்.

“சார், சார், இருங்க. தப்பு ஆயிட்ச்சு. மனு எழுதனவரு மாத்தி எழுதிட்டாரு.”

“என்ன மாத்தி?”

“நாங்க சொன்னது ஒயின்ஷாப்பு. பஸ் ஸ்டாப்பாண்ட கீது பாருங்க, அத்த தூக்கணும். கஞ்சா கிஞ்சா எல்லாம் இல்ல. அண்ணாத்த, அந்தப் பேனாவ இப்டி குடு.” கிளார்க்கின் கையிலிருந்து பேனாவை வாங்கி, ‘கஞ்சாக் கடை அமைவதைத் தடை செய்து’ என்ற இடத்தை அடித்து, மேலே ‘மதுக் கடையை அகற்றி’ என்று எழுதினார். பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் பெரிய, உருண்டையான எழுத்து.

“அப்ப இந்தப் பொண்ணு?”

“எங்க பொண்ணு சார். தொணைக்கு வந்துகீது. வெயில்ல ஏதோ ஒளறுது.”

“ஒயின்ஷாப்புதான் சார்!” என்றார் சர்ச்சுக்குப் போகும் பெண்.

“ஆமா சார், ஒயின்ஷாப்பு!” என்றன பின்னாலிருந்து பத்துக் குரல்கள். “எப்பவும் அதான் சார்!”

அதிகாரி மனுவை மூன்றாவது முறை படித்தார். மற்ற எல்லா வரிகளும் அப்படியே பொருந்தின. பள்ளிப் பிள்ளைகளின் பாதை, பெண்கள் காத்திருக்கும் இடம், ஆறு மணிக்கு மேல் அச்சம். எந்தத் துறை என்பது அவருக்குத் தெரிந்த மனுவாக அது மாறியிருந்தது. அவர் முகம் தெளிந்தது. முத்திரை விழுந்தது. அடையாள அட்டை அக்கா மகளின் கைக்குத் திரும்பி வந்தது.

மரத்தடியில் மனு எழுதியவர் எங்களை நிறுத்தினார். உள்ளே நடந்தது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. “நானாம்மா மாத்தி எழுதினேன்?”

“கோச்சுக்காத அண்ணாத்த. ஒரு பொண்ணு படிப்பு,” என்றார் தலைவி. “வா, டீ துன்னு.” அவர் பேச்சில் டீயையும் தின்னத்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் வேன் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தலைவி பாட்டை நிறுத்தச் சொன்னார். “கேளு கண்ணு, உங் கேள்விய. எத்தினி பேரு பாக்கி?”

“பதினஞ்சு பேருக்கா.”

“இருவது பேரு கீறோம். அஞ்சு எக்ஸ்ட்ரா.”

இந்த முறை அவள் கேள்வித்தாளை எடுக்கவில்லை. கடை, சர்வே நம்பர், எதுவும் இல்லை. சட்டம் மாறலாமா, மாறக் கூடாதா என்று மட்டும் கேட்டாள். அதிகாரி வாயாலும், அவர் முன்னால் இவள் வாயாலும் கேட்டாகிவிட்டதால், கடை இல்லை என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். அதனால் முதல்முறையாகக் கஞ்சாவைப் பற்றியே பேசினார்கள். அது அவர்கள் தெருவிலும் இருந்தது என்றார்கள்.

“ஒயின்ஷாப்பு ஒண்ணு போதாதா? அதுவே பேஜாரு. இதுவும் வேணுமா?” என்றார் ஒருவர்.

“அடி, அது குடிச்சிட்டு எம் புருசன் ஊர எழுப்பறான். இத்த இஸ்தவன் மூலையில குந்திகினு சிரிக்கிறான். எது பரவால்ல, நீயே சொல்லு,” என்றார் இன்னொருவர்.

“சிரிக்கிறவன் வேலைக்குப் போவானா?”

“குடிக்கிறவன் மட்டும் போறானா?”

சர்ச்சுக்குப் போகும் பெண், “பாஸ்டரு இன்னா சொல்வாரோ அதான் எங் கருத்து,” என்று தொடங்கினார். பிறகு, “வேணாம், அவரக் கேட்டா வேற மாதிரி சொல்வாரு. நானே சொல்றேன். கூடாது. எழுதிக்கோ,” என்றார்.

பின்சீட்டிலிருந்த ஒரு பெண் அதுவரை பேசவில்லை. அவர் மகன் இரண்டு முறை பிடிபட்டவன் என்பது வேனில் எங்கள் இருவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றார். “ஆனா ரிசார்ட்டுல ரூமு கிளீன் பண்ணும்போது ஆஷ்ட்ரேல நானே பாக்கறேன். அவுங்க துண்ட மடிச்சு வெச்சிட்டு குட் மார்னிங்னு சொல்றோம். எம் புள்ள தெரு முக்குல நின்னா வண்டியில ஏத்திகினு போறாங்க. சட்டத்த மாத்து, மாத்தாத. ஆனா ரெண்டு பேருக்கும் ஒண்ணா வெய்யி.”

அக்கா மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு ஜிலேபி கடையைப் பற்றி யாரோ சொன்னார்கள், மறுபடி சிரிப்பு தொடங்கியது.

கடைசியாகத் தலைவி. “எங்கிட்ட கேக்காத. மேல கீற எல்லாரயும் எழுதிட்டு, கீழ என்னப் போடு. எனக்குக் கருத்து இல்ல. எனக்கு வேணும்ங்கறது ஒண்ணுதான். எதுவா இருந்தாலும் எங்கள மொதல்ல கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும்.”

அவருக்கும் கருத்து இருந்தது. அதைத்தான் அவள் பதிலாக எழுதினாள்.

பத்திரிகையில் நாங்கள் இந்த விஷயத்தை எப்போதும் இரண்டு பெட்டிகளில் போடுவோம். ஒரு பெட்டியில், பிடிபட்டது இவ்வளவு கிலோ, கைது இத்தனை பேர். இன்னொரு பெட்டியில், வெளிநாட்டில் எந்த நாடு அனுமதித்தது, மருத்துவர் ஒருவர் என்ன சொல்கிறார். வடக்கே சில மாநிலங்களில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்குக்கு உரிமம் பெற்ற கடைகள் இருப்பது மூன்றாவது பெட்டி, ஹோலியின்போது மட்டும். இந்த மூன்று பெட்டிகளிலும் அந்த வேன் இல்லை. முப்பது ஆண்டுகள் எழுதியவள் நான். ஒரு நாளும் ஒரு பெட்டியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

துறைத் தலைவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவது என்று அக்கா மகள் முடிவு செய்தாள். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. அவர் இடையில் ஒருமுறை, “ஜிலேபியா?” என்று கேட்டது காதில் விழுந்தது.

“புகார் வந்ததா?” என்றார்.

“வந்து… மனு ஒண்ணு குடுத்தாங்க சார்.”

“அதுல காலேஜ் பேரு இருந்துதா?”

“இல்ல சார்.”

“கஞ்சான்னு இருந்துதா?”

“அடிச்சிட்டாங்க சார்.”

“அப்புறம் என்ன? ஒயின்ஷாப் மனுவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” நாற்காலி நகரும் சத்தம். “ஆனா நீ கேட்ட கேள்வியே எப்படி ஒரு கடையா மாறிச்சுன்னு ஒரு அத்தியாயம் வேணும். அது இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்.”

அந்த அத்தியாயத்தை எழுத அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினாள். நிருபர் பழக்கத்தில் சில பெயரடைகளை அடித்தேன். அவள் பாதியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டாள்.

வாய்மொழித் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை காலை. தலைவியும் தெருவிலிருந்து இன்னும் நான்கு பெண்களும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் காவலாளி கல்லூரி அடையாள அட்டை கேட்டார். தலைவி ஆதார் அட்டையையும் ரிசார்ட் அட்டையையும் காட்டினார். கல்லூரி அட்டை இருந்தால்தான் உள்ளே விடலாம் என்று உத்தரவு என்றார் காவலாளி. “பொண்ணு எழுதன புக்குல எங்க பதிலுதான் நைனா கீது, அத்தப் பத்திதான் உள்ள பேசறாங்க,” என்றார் தலைவி. காவலாளி சிரித்தார்; ஆனால் கதவைத் திறக்கவில்லை. எதிரே இருந்த ஜூஸ் கடை பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஜூஸ் கடைக்காரரிடம் மாம்பழ ஜூஸில் மாம்பழம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா மகள் வெளியே ஓடி வந்தாள்.

“பாசாடி?” என்றார் தலைவி, சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே.

“பாசுக்கா!”

ஜூஸ் கடைக்காரர் உட்பட எல்லாரும் கை தட்டினோம். ஆய்வேட்டின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்குப் போனது. அதை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. தலைவிக்கு அன்று மாலை ஷிஃப்ட். ஐந்து பேரும் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.